நிரூபணம் கேட்காத படிவம்

புதிய மருந்து ஒன்று விற்பனைக்கு வரும்போது அதன் குணம் முழுதாகத் தெரிந்திருப்பதில்லை. அதற்கு முந்தைய சோதனைகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். கர்ப்பிணிகளும், தினமும் ஏழெட்டு மாத்திரை விழுங்கும் முதியவர்களும் அதில் அரிது. பத்தாயிரத்தில் ஒருவருடைய கல்லீரலைக் கெடுக்கும் மருந்தை 3,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்தால், அந்தப் பாதிப்பு ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போக ஏறக்குறைய முக்கால் பங்கு வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் பிறகு எங்கோ ஒரு வார்டில் மஞ்சள் காமாலையோடு வந்து படுப்பார். அவரைக் கவனிக்கும் டாக்டரோ நர்ஸோ மருந்தாளுநரோ எழுதி அனுப்பினால்தான் விஷயம் வெளியே வரும்.

இதற்கென ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை உலகம் தாலிடோமைடால்தான் கற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தை 1961 இறுதியில் திரும்பப் பெற்றார்கள். கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். 1964-இல் பிரிட்டன், மருந்தால் வந்ததோ என்று சந்தேகப்படும் பாதிப்பை டாக்டர்கள் எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. 1968-இல் உலக சுகாதார நிறுவனம் இப்படிப் பதிவு செய்யும் நாடுகளை இணைத்தது. இன்று பல நாடுகளின் பதிவுகளும் ஸ்வீடனில் உள்ள உப்சாலா மையத்தின் தரவுத்தளத்தில் சேர்கின்றன.

இப்படி எழுதி அனுப்பும் படிவத்தில் கட்டாயம் இருக்கவேண்டியவை நான்கே: அடையாளம் காணத்தக்க ஒரு நோயாளி, எழுதுபவர், சந்தேகப்படும் மருந்து, நடந்த பாதிப்பு. நிரூபணத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் பலருடைய பேனாவும் நிற்பது இங்கேதான். "இந்த மருந்தாலதான்னு உறுதியாத் தெரியலையே" என்பார்கள். தெரியவே தெரியாது, ஒரு நோயாளியை வைத்து அதைச் சொல்லிவிடவும் முடியாது. உறுதி பிறக்கும் இடம் வேறு. ஒரு மருந்தைப் பற்றி வந்த 200 பதிவுகளில் 10 கல்லீரல் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது 5 சதவீதம். மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது 1 சதவீதம்தான் என்றால், ஐந்து மடங்கு வித்தியாசம். இது இன்னும் தீர்ப்பு ஆகாது, ஆராயச் சொல்லும் சமிக்ஞை. அந்தப் பத்தையும் எழுதியவர்களில் எட்டுப் பேர் எழுதாமல் உறுதிக்காகக் காத்திருந்தால் விகிதம் சராசரிக்கு இறங்கி, சமிக்ஞையே இல்லாமல் போய்விடும்.

காத்திருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 12 நாடுகளில் நடந்த 37 ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, பதிவாகாமல் போன எதிர்விளைவுகளின் அளவு நடுமதிப்பாக 94 சதவீதம் என்று வந்தது. மஞ்சள் அட்டைத் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் இன்மன் இதற்கான காரணங்களைப் பாவங்களின் பட்டியலாகவே போட்டார். அறியாமை, சோம்பல், வழக்குப் பயம், தன் கையால் கொடுத்த மருந்து கெடுத்துவிட்டதே என்ற குற்ற உணர்வு எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொன்று: நாலைந்து நோயாளிகள் சேரட்டும், நாமே ஆய்வுக்கட்டுரையாகப் போடலாம் என்று பொத்திவைக்கும் பேராசை!

மருந்து சரி, கொடுத்த விதம்தான் தவறு என்னும்போது கதை இன்னும் சிக்கல். டோஸ் பத்து மடங்கானது, பெயரில் ஒத்த வேறு மருந்து ஏறியது, ஏற்றப்போகும் கடைசி நொடியில் கண்டுபிடித்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தை இங்கே வெறும் மனப்பான்மைக் கோளாறு என்று தள்ளமுடியாது. எழுதியவருக்கே மெமோ கொடுக்கும் மருத்துவமனையில் அது புத்திசாலித்தனம். பயிற்சி வகுப்பு நடத்தினால் அறியாமை குறையலாம், இந்தப் பயம் குறையாது. விமானத் துறை 1976-லேயே வேறு வழி பிடித்தது. அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளை விமானங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு அனுப்பாமல் நாசாவுக்கு அனுப்பலாம். நாசா பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் வெளியிடும்.

மருத்துவமனையிலும் யார் செய்தது என்பதை விட்டுவிட்டு எப்படி நேர்ந்தது என்று பார்த்த இடங்களில் எளிய தீர்வுகள் கிடைத்திருக்கின்றன. அடர் பொட்டாசியம் குளோரைடு குப்பியை வேறொன்று என்று நினைத்து நேரடியாக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். "கவனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை விடுவதைவிட, அந்தக் குப்பிகளைச் சாதாரண வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டு, நீர்த்த கரைசலை மருந்தகத்திலிருந்து அனுப்புவது பலமான காவல்.