‘டைரக்டர் – ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ்’ பதவி தருகிறார்களா? சரி என்று சொல்லும் முன்...

பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு வருடம் புரொடக்‌ஷனில் இருந்த தம்பி ஒருவர் போன வாரம் பேசினார். அவரை ‘டைரக்டர் – ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ்’ ஆக்கப் போகிறார்களாம். சம்பளம் கூடுகிறது, கார் தருகிறார்கள். “ஆனா என்ன வேலைன்னு கேட்டா யாருமே தெளிவாச் சொல்ல மாட்டேங்கறாங்கண்ணா” என்றார். திருப்பூரிலும் கோவையிலுமாகப் பத்து வருடத்துக்கு மேல் இதே வேலையைச் செய்தவன் நான். அவருக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்தப் பதவியின் பெயரில் இருக்கும் பளபளப்பை மட்டும் பார்த்துப் போய் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

ஒரு கம்பெனியில் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத, ஆனால் செய்யாமல் விடவும் முடியாத வேலைகள் இருக்கும். கிராமத்தில் புதிதாக ஒரு தையல் யூனிட் தொடங்குவது, காற்றாலைக்கோ சோலாருக்கோ இடம் பார்த்து முடிப்பது, பில் போடுவதிலிருந்து ஸ்டோர்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்கு மாற்றுவது, நொடித்துப்போன பக்கத்து மில்லை வாங்கி ஓட வைப்பது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பல இடங்களில் அந்த மாற்றமே ஒரு ஸ்பெஷல் ப்ராஜெக்ட் ஆனது. புரொடக்‌ஷன் மேனேஜர் அன்றாட ஷிப்மெண்ட்டைப் பார்ப்பாரா, இதைப் பார்ப்பாரா? அதனால்தான் தனியாக ஓர் ஆளைப் போடுகிறார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது 2011-இல். அந்த வருடம் ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் எத்தனையோ வருடமாக நொய்யலில் சாயம் ஓடியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. கீழ்ப்பக்க விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. அவர்கள் வருடக்கணக்கில் போராடித்தான் அந்த உத்தரவு வந்தது. இனி ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளியே போகக்கூடாது, பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் இருந்தால்தான் பட்டறை ஓடும் என்ற நிலை. நான் அப்போது ஒரு கம்பெனியில் பிளானிங் பார்த்துக்கொண்டிருந்தேன். “இதை நீங்களே எடுத்துப் பண்ணுங்க” என்று முதலாளி சொன்ன அன்று, எனக்கு ஆர்.ஓ. என்றால் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற பெட்டி மட்டும்தான்.

கற்றுக்கொண்டேன். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும், நிறைய வேண்டும். சாயத்தைச் சுத்தம் செய்துவிடலாம், தண்ணீரில் கரைந்த உப்புதான் பெரும் தலைவலி. முதலில் உயிரியல் முறையில் சுத்தம் செய்து, பிறகு ஆர்.ஓ. மெம்பிரேன் என்கிற நுண் சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுகிற உப்பு நீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாகவே எடுக்க வேண்டும். பதினொரு மாதத்தில் பிளாண்டைக் கட்டி ஓட்டினோம். பூஜை போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள், எனக்கு மாலை போட்டார்கள். மறுவாரம் நான் உடுமலைப் பக்கம் காற்றாலை நிலம் பார்க்கப் போய்விட்டேன்.

நாலு மாதம் கழித்து போன் வந்தது. ஆர்.ஓ.வில் தண்ணீர் பாதிதான் வருகிறது. போய்ப் பார்த்தேன். பம்ப் பக்கத்துச் சுவரில் ஒரு கிளிப் அட்டை, அதில் லாக் ஷீட். மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசத்தை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். அந்த வித்தியாசம் ஏறினால் அடைப்பு பிடிக்கிறது என்று அர்த்தம், உடனே கழுவ வேண்டும். மூன்று வாரத்துத் தாள்களைப் புரட்டினேன். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, எல்லாக் கட்டத்திலும் 1.2 என்றே இருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனா. நிமிர்ந்து அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்தேன். முள் எங்கேயோ போயிருந்தது.

மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வயதானவர், மரியாதையாகவே சொன்னார்: “அது உங்க ப்ராஜெக்ட்டுங்க சார். எங்க டிபார்ட்மெண்ட்டுல சேர்த்தாங்கன்னு எங்கிட்ட யாரும் சொல்லலீங்க.” டையிங் மாஸ்டரைக் கேட்டால் அவரும் அதையே சொன்னார். நான் பயிற்சி கொடுத்த இரண்டு பேரும் மிஷின் சப்ளை செய்தவரின் ஆட்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தாளில் 1.2 எழுதிய பையனுக்கு அந்த எண் எதற்கு என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. தவறு அவனுடையது இல்லை, முழுக்க என்னுடையது. மெம்பிரேன்களை மாற்றுகிற வரை பட்டறை பாதி வேகத்தில்தான் ஓடியது.

இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ரிப்பன் வெட்டுகிற நாளில் ப்ராஜெக்ட் முடிவதில்லை. அன்றாட வேலையில் இருக்கிற ஒருவர் அதை ‘என்னுடையது’ என்று எடுத்துக்கொள்கிற நாளில்தான் முடிகிறது. அந்த ஒருவர் யார் என்பதைக் கடைசி வாரத்தில் தேடக்கூடாது, முதல் வாரத்திலேயே பேர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். முதலாளி “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். விடாதீர்கள்.

அடுத்து தாராபுரம் தாண்டி ஒரு தையல் யூனிட் கட்டும் பொறுப்பு வந்தது. அந்த ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் திருப்பூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள், யூனிட்டையே அவர்கள் பக்கம் கொண்டுபோகலாம் என்று திட்டம். இந்தத் தடவை கடைக்கால் தோண்டும் முன்பே யூனிட் மேனேஜரை நியமிக்கச் சொன்னேன். கட்டிங்கில் சூப்பர்வைசராக இருந்த ஓர் அம்மா வந்தார். கட்டடமே இல்லாத இடத்துக்கு ஆறு மாதம் முன்பே ஒரு மேனேஜர் சம்பளமா என்று அக்கவுண்ட்ஸில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சம்பளம் எப்படித் திரும்பி வந்தது என்று பாருங்கள்.

தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தோம். அவர் கோட்டுக்குள்ளே நடந்து வந்தார். கதவு வருகிற இடத்தில் நின்றுகொண்டார். “பஸ்ஸு மூணும் எட்டே காலுக்கு வந்து நிக்கும். இருநூறு பேரும் இந்த ஒரு கதவுல வந்து, செருப்பக் கழட்டி, டிபன் வெச்சு, எட்டரைக்கு பஞ்ச் பண்ணோணும். ஆவாதுங்க சார்.” ஆர்க்கிடெக்ட்டும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கதவு இரண்டானது. குழந்தைகள் காப்பறை பின்பக்கம் ஜெனரேட்டருக்கு அடுத்து இருந்தது. அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பறை கட்டாயம். சட்டத்துக்காக ஓர் அறையை வரைந்திருந்தோமே தவிர, அந்தச் சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அவர் யோசித்தார். அதையும் மாற்றினோம். எல்லாம் சுண்ணாம்புக் கோட்டில் இருந்தபோதே நடந்ததால் செலவு ஒன்றும் இல்லை. கட்டிய பிறகென்றால் சுவரை இடிக்க வேண்டும்.

அதே இடத்தில் இன்னொன்றும் கற்றேன். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். கம்பி வேலி போட ஆள் விட்டதும் மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து குறுக்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு வண்டி மூன்று தலைமுறையாக அந்த ஓரமாகத்தான் போய் வருகிறது. நில அளவைக்கான எஃப்.எம்.பி. வரைபடத்தில் அந்த வண்டிப்பாதை இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். நான் சாயங்காலம் தனியாக அவர் தோட்டத்துக்குப் போனேன். மோர் கொடுத்தார். மழை, தென்னை, மாட்டுத் தீவன விலை என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது அவரே சொன்னார்: “வேலி போடறதுக்கு முந்தி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்க தம்பி.” பன்னிரண்டு அடி விட்டு வேலியைத் தள்ளிப் போட்டோம். பிறகு யூனிட் பஸ் திரும்ப இடம் பற்றாதபோது அவர் தோட்டத்து மேட்டைத்தான் கொடுத்தார். நிலம், தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்த ப்ராஜெக்ட்டிலும் காகிதத்தில் ஏறாத உரிமைகள் உண்டு. வண்டிப்பாதை, கிணற்றில் பங்கு, வாய்க்கால் முறை. அவற்றைத் தேடிப் போய்க் கேட்பதும் இந்தப் பதவியின் வேலைதான், வேலை விவரக் கடிதத்தில் அது இருக்காது.

அனுமதிகளைப் பற்றி நீட்ட வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கட்டும் முன் ஓர் இசைவு, ஓட்டும் முன் ஓர் இசைவு, தொழிற்சாலை வரைபட ஒப்புதல், மின் இணைப்பு, தீயணைப்பு. ஒன்று முடிந்து அடுத்தது என்று போனால் வருடம் ஓடிவிடும். எதெல்லாம் ஒரே நேரத்தில் போட முடியும் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். காலண்டரும் அப்படித்தான். ஆடியில் பூமி பூஜை போட மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனஸ் பேச்சைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாது. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். பொங்கலுக்கு நம் ஆட்கள். ‘ஜனவரி நடுவில் கமிஷனிங்’, அதாவது பொங்கல் வாரத்தில் ஓட்டத் தொடங்குவோம் என்று எழுதுகிற திட்ட அட்டவணையைப் பார்த்தாலே, எழுதியவர் இந்த ஊரில் வேலை பார்த்ததில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சரி, அதிகாரத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் பெரும்பாலும் குடும்பக் கம்பெனிகள். அப்பா, சித்தப்பா, படித்து வந்த மகன் என்று மூன்று பேர் முடிவெடுப்பார்கள். உங்களுக்குக் கீழே நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள், ஆனால் எல்லாத் துறையிடமும் வேலை வாங்க வேண்டும். உங்களிடம் இருப்பது முதலாளி கொடுத்த இரவல் அதிகாரம். அதை அடிக்கடி எடுத்துக் காட்டினால் ‘முதலாளியோட ஆளு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். உளவு பார்க்கிறார் என்றும் பேச்சு வரும். துறைத் தலைவர்களோடு பேசும்போது கேட்டதை மேலே போய்ச் சொல்லாமல் இருப்பது முக்கியம். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு உங்கள் முன்னால் யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள், உண்மை தெரியாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ‘டைரக்டர்’ என்பது வெறும் பதவிப் பெயரா, இல்லை கம்பெனிச் சட்டப்படி போர்டில் உட்கார வைக்கிறார்களா என்று கேளுங்கள். ‘டி.ஐ.என். (டைரக்டர் அடையாள எண்) எடுத்துக் கொடுங்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால் அது ஃபார்மாலிட்டி இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் கடமைகள் உங்கள் மேல் ஏறுகின்றன. கம்பெனி நடத்துகிற தொழிற்சாலைக்கு ‘ஆக்குபையர்’ (சட்டப்படி தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர்) ஆகப் போர்டில் இருக்கிற ஒரு டைரக்டரைத்தான் காட்டுவார்கள். தீ விபத்து நடந்தாலோ, பாய்லர் வெடித்தாலோ வழக்கில் அந்தப் பெயர் வரும். கையெழுத்துப் போடும் முன் உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனி செக்ரட்டரியிடமோ ஆடிட்டரிடமோ காட்டுங்கள். இது நம்பிக்கையில்லாமல் செய்வது இல்லை. நல்ல முதலாளி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பெருந்துறைத் தம்பியிடம் நாலு கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னேன். என்ன வேலை, எப்போது முடிய வேண்டும்? யாரையும் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை நான் கையெழுத்துப் போடலாம்? முடிந்ததும் யாரிடம் கொடுக்க வேண்டும்? கொடுத்த பிறகு எனக்கு என்ன இடம்? கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். நான்கூட முதல் இரண்டு தடவை கேட்கவில்லை. ப்ராஜெக்ட் முடிந்ததும் பழைய நாற்காலியில் வேறு ஆள் இருப்பார், புதிய நாற்காலி இருக்காது. ஐம்பது வயதை நெருங்கும்போது ஒரு கேபினில் மூன்று மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த என் நண்பர் ஒருவர் அதன் பிறகு பழையபடி ஆகவே இல்லை.

இன்னும் இளையவர்கள் இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இன்ஜினியரிங்கோ காஸ்ட் அக்கவுண்டன்சியோ எதுவானாலும் சரி. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட் இருந்தால் அட்டவணை போடக் கை வரும். ஆனால் அதற்கு முன் ஐந்து வருடமாவது ஒரு துறையில் ஷிப்ட் பார்த்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மிஷின் நின்றால் யார் யாரை எழுப்புவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். நேராக கன்சல்டன்சியிலிருந்து இந்த நாற்காலிக்கு வருகிறவர்களை நான் அவ்வளவாக ஏற்பதில்லை.

தாராபுரம் யூனிட் மேனேஜர் அம்மா முதல் இரண்டு வருடம் வாரம் ஒரு தடவையாவது கூப்பிடுவார். “சார், இதைப் பண்ணலாமுங்களா? அதை மாத்தலாமுங்களா?” போகப் போக அழைப்பு குறைந்தது. போன தை மாதம் ஒருநாள் கூப்பிட்டு, “சார், லைன் ரெண்டு சேர்த்தியிருக்கறமுங்க, தொட்டில் ரூமை முன்பக்கம் வேப்பமரத்துக்கிட்டக் கொண்டுவந்துட்டமுங்க, அந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க” என்றார். இந்தத் தடவை அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.