மறதியா, செவிக்குறையா?

முதுமையில் வரும் செவிக்குறை பெரும்பாலும் உட்செவியில் தொடங்குகிறது. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் ஒலி அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுகின்றன. அழிந்தால் அவை மீண்டும் உருவாவதில்லை. உயர்ந்த அதிர்வெண்ணை உணரும் செல்களே முதலில் நலிகின்றன. உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை காதில் விழுகின்றன. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய கூறுகள் விழுவதில்லை. யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது; 'பல்', 'கல்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

நலமான மூளை இந்த இடைவெளியைச் சூழலையும் நினைவையும் கொண்டு ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. டிமென்ஷியா என்னும் மறதிநோய் பறிப்பது அந்த ஊகிக்கும் திறனைத்தான். எனவே முதியோர் இல்லத்தில் அந்நோய் உள்ள ஒருவர் கேள்விக்குப் பொருந்தாத பதிலைச் சொல்லும்போதும், பேச்சிலிருந்து ஒதுங்கும்போதும், அது நோய் முற்றியதன் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. அவருக்குக் கேள்வியே சரியாகக் கேட்டிருக்காது என்ற ஐயம் எவருக்கேனும் எழ வேண்டும். அவரைப் பல ஆண்டுகள் அறிந்த குடும்பத்தாருக்கே அது முதலில் எழக்கூடும் என்பதால், அவர்களின் பங்கு மிகப் பெரியது என்று கருதுகிறேன்.

முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதை நீக்கியதுமே தெளிவாகக் கேட்பவர்கள் உண்டு. செவித்துணைக் கருவி இருந்தால், பேட்டரி வேலை செய்கிறதா, ஒலி வரும் துளை அடைபட்டிருக்கிறதா, வலது கருவி வலது காதில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் பார்க்கலாம். பொதுவாகச் சிவப்புக் குறி வலதுக்கும் நீலக் குறி இடதுக்கும் உரியவை. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், உதிரி பேட்டரிகளைப் பணியாளர் பொறுப்பில் வைப்பது நல்லது. கருவியை அவர் அடிக்கடிக் கழற்றினால் பிடிவாதம் என்று முடிவுகட்டக் கூடாது. அது காதை உறுத்தலாம், அல்லது கூடத்துத் தொலைக்காட்சியின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தரலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், வலிப்பதைக் கழற்றி எறிகிறார்.

உரத்துக் கத்துவது உதவாது. பாதிக்கப்பட்ட செவிக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். கத்தும்போது மெய்யொலிகள் சிதைவதோடு முகமும் கோபங்கொண்டதுபோல் மாறுகிறது. சொல் புரியாத நிலையிலும் முகக்குறியைப் படிக்கும் திறன் பலரிடம் எஞ்சியிருக்கிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நம் முகத்தில் வெளிச்சம் விழுமாறு எதிரே அமர்ந்து, பெயர் சொல்லி அழைத்து, அவர் திரும்பிய பின் குறுகிய வாக்கியமாக நிதானத்துடன் பேச வேண்டும். பதிலுக்குப் பல நொடிகள் காத்திருக்கவும் வேண்டும்.

எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்தப் பெயரால் அழைத்தால் திரும்புவார், கருவியை எப்போது அணிவது அவருக்குப் பழக்கம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் படுக்கையருகே ஒட்டிவைத்தால், இரவுப் பணிக்குப் புதிதாக வருபவரும் சரியான பக்கத்தில் அமர்ந்து பேசுவார்.