மூளைக்குள் போகாமலே வாந்தியை நிறுத்தும் மாத்திரை

"கேஸ் தொல்லைக்கு டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்த பான்டோப்ரசோல்-டோம்பெரிடோன் கேப்சூலை மாதக்கணக்கில் போடுகிறேன், தொடரலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பான்டோப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கும், அது பலருக்கும் தெரிந்ததுதான். நான் பேச விரும்புவது டோம்பெரிடோனைப் பற்றி.

நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் இரைப்பையின் அசைவை மந்தமாக்கும். அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளை டோம்பெரிடோன் அடைத்துவிடுவதால் இரைப்பை சீக்கிரம் காலியாகிறது. சரி, வாந்தி எப்படி நிற்கிறது? வாந்திக்கான உத்தரவு மூளைத்தண்டிலிருந்து வருகிறது, ஆனால் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மிக இறுக்கமானது, இந்த மருந்தால் அதைத் தாண்டி அதிகம் உள்ளே போக முடியாது. அங்கேதான் அழகு இருக்கிறது. மூளைத்தண்டில் ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு சின்னப் பகுதி, வீட்டுத் திண்ணை மாதிரி, மூளையோடு சேர்ந்திருந்தும் அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. ரத்தத்தில் இருப்பது தன்னை எட்டினால்தானே பார்க்க முடியும், அதனால் அங்கே மட்டும் சுவர் கசிகிறது. டோம்பெரிடோன் அங்கே வந்து டோபமினைத் தடுக்கிறது, அவ்வளவுதான், குமட்டல் அடங்குகிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் தடுப்புக்கு வெளியேதான், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை அங்கே அடக்கி வைப்பது டோபமின்தான், சிலருக்கு இந்த மாத்திரையால் மார்பில் பால் சுரப்பதற்குக் காரணம் அதுவே.

வாந்திக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெட்டோகுளோப்ரமைடு அப்படியில்லை, மூளைக்குள்ளேயே போய்விடும். அதனால் சிலருக்கு, முக்கியமாகச் சின்ன வயதினருக்கு, திடீரென்று கழுத்து திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போவது கொடுமை. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும்.

டோம்பெரிடோன் மூளையை விட்டுவைத்தாலும் இதயத்தை விடுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சார ரீதியாகப் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பொட்டாசியம் வழியை அது அடைக்கும். திரும்புவது தாமதமானால் துடிப்பு தாறுமாறாகலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளூகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து) போன்றவற்றோடு இதைச் சேர்க்கவே கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. இங்கே நெஞ்செரிச்சல் என்று சொன்னாலே கடையில் சீட்டு கேட்காமல் இதே கேப்சூலை எடுத்துக் கொடுப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

வாசகருக்கு: அந்த அட்டையையும் நீங்கள் போடும் மற்ற மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், டோம்பெரிடோன் இன்னும் தேவையா என்று கேளுங்கள். மயக்கமோ படபடப்போ வந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள்.