பெர்சியானா: பாரசீகப் பெயர், பார்சலோனா நிழல்

பெர்சியானா என்பது ஸ்பெயினின் பார்சலோனா நகரில் பேசப்படும் காட்டலான் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அன்றாடம் புழங்கும் சொல். சன்னல் கண்ணாடிக்கு வெளிப்புறம், வெயில் வரும் பக்கத்தில் இருக்கும் மறைப்பை அது குறிக்கும். மெல்லிய மரச்சட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் செய்வார்கள். சட்டங்களுக்கு இடையே காற்று நுழையும், நேர் வெயில் நுழையாது.

தமிழில் இதைத் 'திரைச்சீலை' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். பெர்சியானாவின் உயிர் அது தொங்கும் இடத்தில் இருக்கிறது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் தரையிலும் சுவரிலும் பட்டதும் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பக்கதிரைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. உள்ளே தொங்கும் சீலை கண்கூச்சத்தைக் குறைக்கலாம், ஆனால் வெப்பம் அதற்குள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பெர்சியானாவோ வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. கட்டடத்தைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், அந்த வீடு ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் உள்ள 'பெர்சியென்'. 'பாரசீகத்தைச் சேர்ந்தது' என்பது அதன் பொருள். ஆங்கிலேயர்கள் இதே குடும்பத்துப் பொருளொன்றை வெனிஸ் நகரத்தின் பெயரால் 'வெனிஷியன் பிளைண்ட்' என்று அழைத்தார்கள். அவரவர்க்குக் கிழக்கே தெரிந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது போலும். காட்டலானில் 'வெனிசியானா' என்ற சொல்லும் தனியாக இருக்கிறது. அலுவலகங்களில் பார்க்கிறோமே, மெல்லிய தகடுகளைக் கோத்து உள்பக்கம் தொங்கவிடுவது, அதற்கு அந்தப் பெயர். ஆகவே பெர்சியானாவை 'வெனிஷியன் பிளைண்ட்' என்று பெயர்ப்பதும் சரியாகாது.

இன்னொரு உறவுச்சொல் 'ஜெலோசியா'. பின்னல் மறைப்பு என்றும் பொறாமை என்றும் அதற்கு இரு பொருள். உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. வீட்டுப் பெண்களை அயலார் கண்ணிலிருந்து மறைத்த பழைய வழக்கம் அந்தச் சொல்லில் உறைந்து கிடக்கிறது.

பார்சலோனாவில் பெர்சியானா இவ்வளவு பரவியதற்கு அந்த நகரின் வரைபடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1859இல் பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா வகுத்த விரிவாக்கத் திட்டத்தில் தெருக்கள் திசைகளுக்கு நேராக ஓடுவதில்லை, ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து ஓடுகின்றன. கட்டடத் தொகுதிகளின் மூலைகள் வடக்கையும் தெற்கையும் பார்க்க, முகப்புகள் தென்கிழக்கு, தென்மேற்கு என்று கோணத்திசைகளைப் பார்க்கின்றன. எல்லா வீட்டுக்கும் ஏதாவது ஒரு வேளையில் வெயில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். குளிர்காலத்தில் அது வரம். கோடையில், பிற்பகல் சூரியன் தாழ்ந்து வந்து தென்மேற்கு முகப்பை நேராகத் தாக்கும்போது, சன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடு உதவாது. அது தலைக்கு மேலிருந்து விழும் வெயிலைத்தான் தடுக்கும். தாழ்ந்து வரும் வெயிலுக்குச் செங்குத்தான மறைப்பு வேண்டும், அதுவும் காற்றை அடைக்காத மறைப்பு.

அதற்கு எளிய விடை கயிற்றுப் பெர்சியானா. மரச்சட்டங்களைக் கோத்து, கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலேறும்படி செய்தது. பால்கனியில் இதை நேராகத் தொங்கவிடுவதோடு நிறுத்துவதில்லை. கீழ்முனையைக் கம்பிக் கைப்பிடிக்கு மேலாக வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது சரிவாக நிற்கும்போது உள்ளே ஒரு சிறு நிழல் கூடாரம் உண்டாகிறது. பக்கங்களில் காற்று நுழைகிறது, அடியில் தெரு தெரிகிறது. மின்சாரம் வேண்டாம், பொறியும் வேண்டாம். பகலில் இறக்கி, இரவில் ஏற்றிச் சன்னலைத் திறந்துவிடும் பழக்கம் ஒன்று போதும்.

நவீனக் கட்டடக்கலைக்குள் இந்தப் பழக்கத்தைத் துணிந்து கொண்டுவந்தவர் கட்டடக்கலைஞர் ஹோசே அந்தோனியோ கோடெர்க் (1913–1984). 1950களின் முதல் பாதியில் மானுவேல் வல்ஸுடன் சேர்ந்து பார்சலோனெட்டா பகுதியில் மீனவர் குடும்பங்களுக்காக ஓர் அடுக்குமாடி வீடு கட்டினார். 'காசா தெ லா மரீனா' என்று அதற்குப் பெயர். அதன் முகப்பில் சன்னலைத் தேடினால் கிடைக்காது. ஓடு பதித்த சுவர்ப்பட்டைகளும், தளத்திலிருந்து கூரைவரை நிற்கும் சட்டப்பலகை மறைப்புகளும்தான் மாறி மாறி ஏறிச் செல்கின்றன. சன்னல்மேல் தொங்கிய பெர்சியானா இங்கே சுவராகவே மாறிவிட்டது. செலவு குறைந்த குடியிருப்பில், கடலோர வெயிலில், இதைச் செய்தார் என்பதுதான் என்னை ஈர்க்கிறது. கோடெர்க்கின் வேலைகளை ஒளிப்படத்தில் பதிவுசெய்த பிரான்செஸ்க் கத்தலா-ரோகாவுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். வெளிச்சமும் நிழலும் கட்டடத்தின் பொருள்களே என்பதை வரைபடத்தைவிட அவர் படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

2018இல் பார்சலோனாவில் கட்டி முடிந்த லா போர்தா கூட்டுறவுக் குடியிருப்பில் இதே எண்ணம் வேறு உருவில் வருகிறது. லாகோல் என்ற கட்டடக்கலைஞர் குழு வடிவமைத்த 28 வீடுகள் ஒரு நடுமுற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. முற்றத்தின் மேல் ஒளி ஊடுருவும் கூரை. குளிர்காலத்தில் அதை மூடி வெப்பத்தைச் சேர்க்கிறார்கள், கோடையில் திறந்து வெளியேற்றுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சன்னல்' போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது. ஸ்பெயினும் போர்த்துகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்துச் சொல் ஒன்று ஏற்கெனவே நம் வீட்டில் குடியிருக்கிறது. அதற்கு முன்பே நம்மிடம் 'காலதர்' இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும் இடத்தில் 'மான்கண் காலதர் மாளிகை' வருகிறது. அழகான சொல், ஆனால் அது திறப்பைக் குறிக்கிறது, மறைப்பை அன்று.

கயிற்றுப் பெர்சியானாவுக்குத் 'தட்டி' என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. திண்ணையிலும் தாழ்வாரத்திலும் வெளிப்புறம் தொங்கவிட்டு, கயிற்றால் சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டியைத் தெரியாதவர் யார்? செய்த பொருள் வேறு, வேலை ஒன்று. 'கயிற்றுத் தட்டி' என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது. கீல் வைத்துத் திறக்கும் வகைக்குத் தட்டி ஒட்டாது. அதற்குச் 'சட்டப்பலகைக் கதவு' போதும். புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் அத்தகைய கதவுகளை இன்றும் பார்க்கலாம்.

கோடெர்க்கின் சுவருக்குத்தான் நெடுநாள் சொல் அகப்படவில்லை. இப்போது 'பலகணி' என்று எழுதுகிறேன். பல கண்களை உடையது என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். சன்னல் என்ற பொருளில் அகராதியில் இருந்தும் பேச்சில் அருகிவிட்ட சொல். மீனவர் வீட்டின் முகப்பில் காற்றுக்குத் திறந்தும் வெயிலுக்கு மூடியும் நிற்கும் அந்த நூறு இடுக்குகளுக்கு இதைவிட நெருங்கிய பெயர் எனக்குத் தெரியவில்லை.