ஒரு ஏரி ஆறிய கதை

ஹவாயின் பெரிய தீவில், கிலாவேயா எரிமலையின் உச்சியை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறது. பெயர் கிலாவேயா இகி. இகி என்றால் சின்னது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் சுமார் 120 மீட்டர் கீழே, தார் ஊற்றி இழுத்துவிட்ட மைதானம் மாதிரி கறுப்பாக விரிந்து கிடக்கிறது தரை. அதன் குறுக்கே வெளிறிய ஒரு கோடு. கோட்டின் மேல் எறும்புகள் ஊர்வது போலத் தெரிவது, நமக்கு முன்னால் கிளம்பிப் போன ஆட்கள். 1959 டிசம்பரில் அதே இடத்தில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான லாவா ஏரி தளதளத்துக்கொண்டிருந்தது.

சுற்றுப்பாதை ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். நாஹுகு குகை, பக்கத்துச் சாம்பல் மேடு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். பாதை தெளிவாகவே இருக்கிறது, வழிகாட்டி இல்லாமலும் போய்வரலாம். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நடந்தால் இது வெறும் கறுப்புத் தரை. என்னைக் கேட்டால், விவரம் தெரிந்த ஒருவரோடு போவதுதான் லாபம்.

இறங்குவதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. பாதையின் தொடக்கத்தில் வைத்திருக்கும் பிரஷ்ஷால் ஷூவின் அடிப்பக்கத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஹவாய்க் காடுகளின் முதன்மையான மரம் ஓஹியா. அதை ஒரு பூஞ்சை நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவருகிறது, அதன் வித்துகள் ஷூவில் ஒட்டிய மண்ணிலும் பயணம் செய்யும். இரண்டு நிமிட வேலைதான், தட்டிக்கழிக்கக் கூடாது.

காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும்போது வழிகாட்டிகள் வழக்கமாகத் தொடங்குவது, இந்த லாவா எங்கிருந்து வந்தது என்பதில். பூமிக்குள் ஒரு நெருப்புக் கடல் கொதிக்கிறது, ஓட்டை கிடைத்தால் வெளியே வருகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. நம் காலுக்குக் கீழே, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் அடுக்கு ஏறக்குறைய முழுவதும் திடப் பாறை. பயங்கரச் சூடு, ஆனாலும் உருகாது, ஏனென்றால் மேலிருக்கும் பாறையின் அழுத்தம் உருக விடாது. ஹவாய்க்கு அடியில் அந்தச் சூடான பாறை, திடமாகவே, மெதுவாக மேலே எழுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. ஒரு கட்டத்தில், கூடுதலாக ஒரு டிகிரி சூடுகூட ஏறாமல், பாறையின் ஒரு பகுதி தானாக உருகத் தொடங்குகிறது. அடுப்பை ஏற்றாமல், மேலே வைத்த பாரத்தை எடுத்ததால் நடக்கும் உருகல் இது.

அப்படி உருகியது மேலே வந்ததை 1959ல் நிலநடுக்கக் கருவிகள் முன்கூட்டியே காட்டின. அந்த ஆகஸ்டில், தரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கீழே அதிர்வுகள் பதிவாயின. ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானதும் அதே மாதம்தான், ஊரெல்லாம் கொண்டாட்டம். அப்புறம் எரிமலையின் உச்சி மெல்ல உப்ப ஆரம்பித்தது. நவம்பர் 14 இரவு எட்டு மணி வாக்கில், இந்தப் பள்ளத்தின் தெற்குச் சுவர் நீளவாக்கில் கிழிந்து லாவா கொட்டியது. ஏறக்குறைய ஒரு நாளில் மற்ற வாய்கள் அடைந்துபோய் ஒரே வாய் மட்டும் மிஞ்சியது.

அந்த ஒரு வாயிலிருந்துதான் பீறல்கள். டிசம்பர் 20 வரைக்கும் 17 தடவை. ஒரு தடவை லாவா 580 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. ஈஃபிள் கோபுரத்தின் உயரம் 330 மீட்டர், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சோடா பாட்டிலைத் திறந்தால் நடப்பதேதான் இங்கும் நடந்தது. ஆழத்தில் உருகிய பாறைக் குழம்புக்குள் கரைந்திருந்த நீராவியும் கார்பன் டை ஆக்சைடும், அழுத்தம் விட்டதும் குமிழ்களாகப் பொங்கி, குழம்பையும் இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்தன.

ஒவ்வொரு தடவை ஊற்று ஓய்ந்ததும் நடந்ததுதான் இந்த வெடிப்பின் தனி விசேஷம். ஏரி மட்டம் வாயைவிட உயரமாக இருந்ததால் லாவா அதே வாய் வழியே சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. தொட்டியில் அடைப்பைப் பிடுங்கிவிட்டது போல. கொட்டிய வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம். மறுபடி பீறிடும், மறுபடி உள்ளே போகும். இப்படி மேலும் கீழும் போய்வந்து, கடைசியில் பள்ளத்தில் தங்கியதுதான் ஏரியானது.

சரி, இனி கீழே வந்துவிட்டோம். மரங்கள் முடிந்து, உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் பாளங்களைத் தாண்டினால் கறுப்புத் தரை. அங்கங்கே கற்களைக் குவித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள், ஹவாய் மொழியில் அதற்கு அஹு என்று பெயர். மூடுபனி இறங்கினால் அதுதான் வழி, அதனால் கல்லைச் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

குனிந்து ஒரு துண்டைக் கிட்டத்தில் பாருங்கள். மேல் தோல் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். மாதிரி என்ன, கண்ணாடியேதான். காற்று பட்டதும் சட்டென்று இறுகிவிட்டதால் அணுக்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. தோலுக்கு அடியில் கல் முழுக்கப் பொத்தல்கள், வாயு தப்பித்த தடம். பொத்தல்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் மணிகள் மின்னினால் அது ஒலிவைன். வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். இந்த மணிகள் வரும்போதே படிகமாகக் குழம்பில் மிதந்து வந்தவை. குழம்பைவிடக் கனம் என்பதால் ஏரிக்குள் மெல்ல மெல்ல அடியில் போய்ப் படிந்தன. பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள், தேசியப் பூங்காவிலிருந்து கல் எடுப்பது குற்றம். எடுத்துப் போனவர்களில் சிலர் எரிமலைத் தெய்வம் பெலேவின் கோபத்துக்குப் பயந்து தபாலில் திருப்பி அனுப்புவதும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த ஏரி ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?

பால் ஆறும்போது ஆடை படர்வதைப் போலத்தான் தொடங்கியது. மேல்பரப்பு சில நிமிடங்களிலேயே கறுத்து இறுகியது. அங்கேதான் சிக்கல். பாறை வெப்பத்தைக் கடத்துவதில் படுமந்தம். முதலில் படர்ந்த ஓடே, அடியில் இருக்கும் குழம்புக்குப் போர்வையாகிவிட்டது. கீழே இருக்கும் சூடு இந்தப் போர்வையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். போர்வை தடிக்கத் தடிக்க வெளியேறும் சூடு குறையும், சூடு குறைவாக வெளியேறினால் போர்வை தடிப்பதும் மெதுவாகும். கணக்காகச் சொன்னால், ஓடு இரண்டு மடங்கு தடிக்க நான்கு மடங்கு காலம் வேண்டும், மூன்று மடங்குக்கு ஒன்பது. ஆரம்பத்தில் மடமடவென்று இறுகிய ஏரி போகப்போக இழுத்தடித்ததற்கு இதுதான் காரணம்.

இதைக் காகிதத்தில் மட்டும் போட்டுப் பார்க்காமல், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தார் நேரே போய்த் துளைத்தே பார்த்தார்கள். 1960லேயே, ஓடு சில மீட்டர் தடிமனுக்கு வந்ததும், துளையிடும் கருவியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். துணிச்சல்தான். 1988 வரை விட்டுவிட்டு இந்த வேலை நடந்தது. துரப்பணமுனை உருகிவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைக்க வேண்டும். கடினமான பாறையைக் குடைந்துகொண்டே போகும் முனை, சுமார் 1,070 டிகிரியைத் தொடும் இடத்தில் பிடிமானம் இழந்து கூழுக்குள் இறங்கும். அங்கே ஓடு முடிகிறது, உருகல் தொடங்குகிறது. சில சமயம் அடியில் இருந்த குழம்பு துளை வழியே மேலே ஏறி வந்தது. இப்படி ஒரே ஏரியை ஏறத்தாழ முப்பது வருடம் துளைத்துத் துளைத்துப் பார்த்ததில்தான், ஒரு குழம்பு படிப்படியாக எப்படிப் படிகமாகிறது என்பது நேரடியாகத் தெரிந்தது. பூமிக்கடியில் கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதை இப்படி யாராலும் போய்ப் பார்க்க முடியாது.

துளைகளில் வெப்பமானி இறக்கியபோது ஒரு வினோதம் தெரிந்தது. கீழே போகப் போகச் சூடு சீராக ஏறும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மேல்பகுதியில் பல மீட்டருக்கு, எங்கே அளந்தாலும் 100 டிகிரியை ஒட்டியே இருந்தது. அதற்குக் கீழே போனதும் விறுவிறுவென்று ஏறியது. 100 டிகிரி என்றதும் புரிந்திருக்கும். மழை!

இங்கே வருடத்துக்கு 2 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தண்ணீர் விரிசல் வழியே இறங்குகிறது, சூட்டுப் பாறையைத் தொட்டுக் கொதிக்கிறது, ஆவியாகி மேலே வந்துவிடுகிறது. பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை பானைச் சூடு எப்படி அங்கேயே நிற்குமோ, அப்படித்தான் அந்தப் பகுதி முழுவதும் 100 டிகிரியிலேயே நின்றது. ஒரு லிட்டர் மழைநீர் ஆவியாகும்போது, உருகிய லாவா தோராயமாக ஒன்றரைக் கிலோவை 100 டிகிரி வரை ஆற்றும் அளவு வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது.

விரிசல் எங்கிருந்து வந்தது? ஆறியதால்தான். பாறை ஆறினால் சுருங்கும், சுருங்க இடமில்லாமல் பிளக்கும். குளம் வற்றி வெடித்த சேற்றைப் போல, இந்தத் தரை முழுவதும் பலகோணக் கட்டங்களாகப் பிளந்திருக்கிறது, அவ்வளவு ஏன், நடுப்பகுதி கொஞ்சம் உள்வாங்கியும் இருக்கிறது. பிளவில் மழை இறங்குகிறது, மழை இறங்கியதால் இன்னும் ஆறுகிறது, ஆறியதால் பிளவு இன்னும் ஆழமாகிறது. மந்தப் பாறைக்கு வேகம் கொடுத்தது இந்தச் சுற்றுதான். அப்படியும் கடைசிச் சொட்டுக் குழம்பு இறுக 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது என்பது மதிப்பீடு. வெடிப்பு முடிந்து ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம். குழம்பு தீர்ந்தது என்றுதான் அர்த்தம், சூடு தீரவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள, ஆவி வரும் ஒரு விரிசலுக்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையை நீட்டினால் போதும். ஈரமான கதகதப்பு ஏறும். கிட்டே கொண்டுபோகாதீர்கள், கை வெந்துவிடும். குளிர்ந்த காலையில் தரையெங்கும் வெள்ளைப் புகை எழுவது போல இருக்கும், வெயில் ஏறியதும் காணாமல் போகும். ஆவி வருவது நிற்பதில்லை, காற்றுச் சூடானதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கந்தக வாடை பெரிதாக இருக்காது, ஏனென்றால் வருவது பெரும்பாலும் மழைத்தண்ணீர். பக்கத்தில் ஹலேமாஉமாஉ பள்ளத்திலிருந்து வரும் கந்தக வாயு வேறு ரகம். அங்கே 2024 டிசம்பர் 23ல் ஆரம்பித்து விட்டுவிட்டு லாவா பீறிடத் தொடங்கியது. ஆஸ்துமா உள்ளவர்கள் பூங்காவின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

விரிசல்களை வேறு ஒருத்தரும் கண்டுபிடித்திருக்கிறார். பச்சைக் கோடு போட்டது போல அவற்றில் வரிசையாகப் பெரணிகளும் ஓஹியாக் கன்றுகளும். வெட்டவெளிப் பாறையில் காற்று அடித்துக்கொண்டு போவது போக, மிஞ்சிய தூசியும் ஈரமும் விதையும் சேரும் இடம் பிளவுதான். சிவப்புக் குஞ்சம் மாதிரி பூ வைத்த ஓஹியா, முழங்கால் உயரத்தில், மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லாத இடத்தில் நிற்கும். நச்சு வாயு வீசினால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

மேற்குக் கோடியில் அந்த வாய் இருந்த இடம் வருகிறது. அதற்கு மேலே செம்பழுப்பாக ஒரு குன்று, புவு புவாயி. 1959க்கு முன்னால் அப்படி ஒரு குன்றே கிடையாது. ஊற்றிலிருந்து சிதறிய துணுக்குகளை வடகிழக்குக் காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக் குவித்தது, பின்னால் இருந்த காட்டையும் புதைத்தது. குன்றில் ஏற அனுமதி இல்லை.

பிறகு எதிர்ச்சுவரில் ஏற்றம். பத்துப் பதினைந்து மீட்டர் ஏறியதும் நின்று, பள்ளத்தின் சுவரைச் சுற்றிலும் ஒரு நோட்டம் விடுங்கள். குளியல் தொட்டியில் அழுக்குக் கோடு படிவது போல, கறுப்பாக ஒரு விளிம்பு பள்ளத்தைச் சுற்றி ஓடும். 1959 டிசம்பரில் ஏரி நிரம்பி நின்ற மட்டம் அது. நீங்கள் நிற்கும் படியின் உயரம்வரை லாவா இருந்தது, அதற்குக் கீழே தெரியும் வெற்றிடத்தின் பெரும்பங்கு, வந்த வாய் வழியே எரிமலைக்குள் திரும்பிப்போனது.