பொலி: களத்து நெல்லின் பழைய பெயர்

ஆரணி, போளூர், ஆற்காடு பக்கம் வயதான விவசாயி யாரிடமாவது 'பொலி' என்று சொன்னால் அவருக்கு நெற்களம்தான் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு முகப்பொலிவு, பொலிகாளை என்று ஓரிரண்டு இடங்களில்தான் அந்தச் சொல் மிச்சம்.

கதிர்க்கட்டை அடித்து, தாளில் ஒட்டியிருக்கும் நெல்லும் உதிர மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிட்டு, வைக்கோலை உதறி எடுத்துவிட்டால் களத்தில் நெல்லும் பதரும் தூசுமாக மிஞ்சும். அதைக் கூட்டிக் குவித்தால் பொலி. முறத்தில் அள்ளித் தலைக்கு மேல் தூக்கி, காற்று பார்த்து நின்று மெல்லச் சரிப்பது பொலி தூற்றுதல். முற்றிய நெல் காலடியிலேயே விழும். அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காய் கொஞ்சம் தள்ளி விழும். பதர் அதற்கும் அப்பால் பறக்கும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' இந்த வேலையில் பிறந்த பழமொழிதான். சொர்ணவாரி என்ற நெல் பருவத்தின் அறுவடை ஆடி, ஆவணியை ஒட்டி வருவதால் வட ஆற்காட்டில் அந்தப் பருவத்துக்குக் காற்றுப் பஞ்சம் கிடையாது. தூற்றி முடித்த குவியலையும் பொலி என்றே சொல்வார்கள்.

சரி, குவியல் என்றே சொல்லிவிட்டால் என்ன? மண்ணையும் குப்பையையும்கூடக் குவிக்கலாமே. பொலிதல் என்றால் செழித்தல், பெருகுதல். கன்று ஈன்று பெருக விடும் காளை பொலிகாளை ஆனதும் இதனால்தான். பழைய கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். முதலின் மேல் பெருகுவது அல்லவா அது! மலையாளத்திலும் அறுவடைச் சடங்கில் 'நிற நிற, பொலி பொலி' என்று வாழ்த்துகிறார்கள்.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள், அப்புறம்தான் இரண்டு, மூன்று. பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். லாபம் வடசொல். அதற்கு வள்ளுவர் ஆண்ட சொல் ஊதியம் (குறள் 461); இன்றைக்கு அதைச் சம்பளத்துக்குக் கொடுத்துவிட்டோம். தமிழிலேயே எண்ணத் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் 'பொலி' என்று தொடங்கலாம், பொருத்தமாகவே இருக்கும்.

இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டர் டிப்பரில் கொட்டிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் மின்சாரத் தூற்றி. அங்கே கணக்கு மரக்காலில் இல்லை, 40 கிலோ மூட்டையில்.

எழுதும்போது எழுத்தில் கவனம் வேண்டும். 'பொளி' என்றால் உளியால் கொத்துவது, அம்மி பொளிவதைப் போல. 'பொழி' மழைக்கு. நெல்லுக்கு லகரம்.