முன்னாள் படைவீரர் வீட்டுப் பிள்ளையா? முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கிறேன். புதுமைப் பெண், முதல் பட்டதாரி, போஸ்ட் மெட்ரிக் எதுவானாலும் பிள்ளைகள் தாங்களாகவே தேடி வந்துவிடுகிறார்கள். சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் இரண்டாம் ஆண்டு பாதியில் வந்து நிற்பார்கள். "சார், அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன். பிரைம் மினிஸ்டர் ஸ்காலர்ஷிப்புக்கு போனஃபைட் வேணும்." போனஃபைட், அதாவது இங்கே படிக்கிறார் என்ற சான்று, கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதை வைத்து அப்போது ஒன்றும் செய்ய முடியாது. அந்த உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்கும் வாய்ப்பு படிப்பின் முதல் ஆண்டில் மட்டுமே. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு விலக்கு உண்டு.

வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு மேல் இப்படிப்பட்ட குடும்பத்தவர் இருப்பதில்லை. அதனால் பேச்சும் பரவுவதில்லை. அப்பாவுக்கோ, பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது, இதற்கு மேல் என்ன என்ற நினைப்பு.

பிரதமரின் உதவித்தொகைத் திட்டம், சுருக்கமாக பி.எம்.எஸ்.எஸ்., 2006-07 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. நடத்துவது டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு. பணம் தேசிய பாதுகாப்பு நிதியிலிருந்து வருகிறது. முன்னாள் படைவீரர்கள், கடலோரக் காவல்படையில் ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கும், அவர்களின் கைம்பெண்களுக்கும் இது உண்டு. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500. மாதக் கணக்கில் சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக, மாணவரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே விழும். நான்கு வருட பி.இ. படிக்கும் பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் 1,44,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் படித்தால் அதில் கட்டணத்தைக் கட்டி மீதமும் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் இருக்க வேண்டும். டிப்ளமோ வழியாக வந்தவருக்கு டிப்ளமோ மதிப்பெண்ணையும், பி.எட்., எம்.பி.ஏ. போன்றவற்றுக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். ஆனால் 60 வாங்கிவிட்டால் உறுதி என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 5,500 பேருக்குத்தான். ஆண், பெண் சரிபாதி. போரில் உயிரிழந்தவர், ஊனமுற்றவர், பணியின் காரணமாக இறந்தவர், வீரப் பதக்கம் பெற்றவர் என வரிசைப்படி முன்னுரிமை போகும். காயம் ஏதுமில்லாமல் சர்வீஸ் முடித்து வந்த ஜவானின் பிள்ளை கடைசிப் பிரிவில் மதிப்பெண்ணோடு போட்டி போட வேண்டும். அந்தக் கடைசிப் பிரிவில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு இடமில்லை. கிடைத்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீதம் எடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். அரியர் வைத்துவிட்டு வந்து என் மேசை முன்னால் அழும் பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினரின் வீட்டுப் பிள்ளைகளும் இதே திட்டத்தைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் இதே பெயரில் ஒரு திட்டம் உண்டு. ஆனால் அது உள்துறை அமைச்சகத்தினுடையது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். சைனிக் போர்டு தளத்தில் போட்டால் நிராகரிப்புதான் வரும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் அந்தப் பக்கம் கடைசித் தேதி போய்விடுகிறது.

இன்னொன்று, இந்த உதவித்தொகை தொழிற்படிப்புகளுக்கு மட்டும். பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங், பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ. எல்லாம் சேரும். பி.காம்., பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம் சேராது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறொரு கதவு இருக்கிறது: பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதி. கொடிநாளில் நாம் உண்டியலில் போடும் காசு சேர்கிற நிதியின் ஒரு பகுதிதான் இதுவும். ஹவில்தார் அல்லது அதற்கு இணையான பதவி வரை ஓய்வு பெற்றவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு, முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை கல்வி உதவி கிடைக்கும். கணவரை இழந்த பெண் தானே இரண்டு வருட முதுகலை படித்தாலும் உண்டு. நீண்ட காலம் தலைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கியிருக்கிறார்கள். பழைய தொகையைக் கேட்டுவிட்டு "ஆயிரம் ரூபாய்க்கு யார் அலைவது" என்று விட்டவர்கள் இப்போது மறுபடி யோசிக்கலாம்.

இந்த இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் விழுந்துவிடுபவர் யார் தெரியுமா? நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவரின், பி.காம். படிக்கும் மகள். படிப்பு தொழிற்படிப்பு இல்லை, அப்பாவின் பதவி ஹவில்தாருக்கு ஒரு படி மேல். இரண்டிலும் இடமில்லை. ஒரு படிநிலை உயர்வு பிள்ளையின் படிப்பைத் தொடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மாநில அரசின் தொகுப்பு நிதிக் கல்வி உதவித்தொகையைக் கேட்க வேண்டும்.

சரி, தகுதி இருந்தும் பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் பெயரில்தான்.

அப்பா ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினால் குடும்ப விவரப் பக்கத்தில் மனைவி, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அவர் சர்வீஸில் இருந்தபோது, பிள்ளை பிறந்ததும் யூனிட்டில் தகவல் கொடுத்து, பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் ஆணை வெளியாகி, அதன்படி ஏறிய பதிவு அது. எழுதிய கிளார்க் வடக்கே எங்கேயோ பிறந்தவர். தமிழ்ச்செல்வி என்ற பெயர் "டமில் செல்வி" ஆகியிருக்கும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். அங்கே அப்பா பெயரை முழுதாகப் பின்னால் சேர்த்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியலில் "தமிழ்ச்செல்வி ம", ஆதாரில் "ம தமிழ்ச்செல்வி", டிஸ்சார்ஜ் புக்கில் "டமில் செல்வி முருகேசன்". மூன்றும் ஒரே பெண் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும், சரிபார்ப்பவருக்குத் தெரியாது. பிறந்த தேதியிலும் இதே கதை. பள்ளியில் சேர்க்கும்போது வயது பற்றவில்லை என்று தாத்தா சில மாதம் கூட்டிச் சொல்லியிருப்பார். அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை வந்துவிடும். டிஸ்சார்ஜ் புக்கில் உண்மையான தேதி இருக்கும்!

ஓய்வு பெற்ற பிறகு பிறந்த பிள்ளை என்றால் அந்தப் பக்கத்தில் பெயரே இருக்காது. முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீடு திரும்புகிற ஜவான்களுக்கு இது சகஜம்.

இதையெல்லாம் திருத்தலாம், சேர்க்கலாம். ஆனால் திருத்த வேண்டியது அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ், அதாவது பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நம்ம வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஆர்ட்டிலரிக்காரர் நாசிக்குக்கும், சிக்னல்ஸ்காரர் ஜபல்பூருக்கும், இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.க்காரர் செகந்திராபாத்துக்கும் எழுத வேண்டும். நேரில் போகத் தேவையில்லை. மாவட்ட நல அலுவலகம் வழியாக, பிறப்புச் சான்றிதழும் கேட்கிற பிரமாணப் பத்திரமும் வைத்து அனுப்பலாம். ஆனால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, இணையத்தில் விண்ணப்பம் திறந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் முதல் ஆண்டுக்குள் முடியவே முடியாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து.

அப்பா உயிரோடு இல்லாத வீடுகளில் இதைச் செய்ய வேண்டியவர் அம்மா. பல அம்மாக்களுக்கு அந்தக் கருப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து எது டிஸ்சார்ஜ் புக், எது பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணை என்று பிரிக்கத் தெரியாது. கணவர் காட்டியிருக்கவும் மாட்டார். ஒரு அம்மா பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு என் மேசையில் கொட்டினார். மெடல் கூட அதில் கிடந்தது. பி.பி.ஓ. மட்டும் இல்லை. அது பென்ஷன் வாங்கும் வங்கிப் பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து இருந்தது.

நேராக மாவட்ட நல அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களே அங்கே பல இருக்கைகளில் இருப்பார்கள், பாஷை புரியும். முன்னாள் படைவீரரைச் சார்ந்தவர் என்று காட்டும் சார்ந்தோர் சான்று வாங்குவதும், பி.எம்.எஸ்.எஸ். விண்ணப்பத்துக்கு வேண்டிய முன்னாள் படைவீரர் சான்றில் கையெழுத்து வாங்குவதும் அங்கேதான். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் வாரிசுகளுக்கான 150 இடங்களுக்கும் அங்கே வாங்கும் சான்று வேண்டும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையிலேயே அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விடலாம்.

போரில் உயிர் நீத்தவர், காணாமல் போனவர், ஊனமுற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கான கல்விச் சலுகை முற்றிலும் தனி. 1971 போருக்குப் பிறகு வந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முதல் பட்டம் வரை கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கும். 2017 ஜூலையில் இதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். எடுத்த செய்தி போய்ச் சேராத கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. வரம்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் அமராவதிநகர் சைனிக் பள்ளியை மறக்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

அப்புறம், இப்போது அடிக்கடி வரும் கேள்வி, அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் சேரும் அக்னிவீர் பற்றியது. நான்கு வருடம் முடித்து வருபவருக்கு, 2022இல் அறிவித்த விதிகளின்படி, முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. ஆகவே அந்தத் தகுதியை வைத்து வரும் மேலே சொன்ன உதவிகளை எதிர்பார்த்துத் திட்டமிடக் கூடாது. அவருக்கு இருப்பது பணி முடியும்போது சேவா நிதியாக மொத்தமாக வரும் சுமார் 11.71 லட்சம் ரூபாயும், இக்னோ பல்கலைக்கழகத்தின் மூன்று வருடப் பட்டப்படிப்பும். அந்தப் பட்டத்துக்கான மதிப்பீட்டில் பாதி, பணியில் பெற்ற பயிற்சிக்கே கிடைத்துவிடும். மற்ற பாதியைப் படித்து முடிக்க வேண்டும். சேரப் போகும் பையன்கள் கேட்டால், சர்வீஸில் இருக்கும்போதே அந்தப் படிப்பைப் பற்றி யூனிட்டில் விசாரித்துவிடச் சொல்கிறேன்.